இருபது கிலோ என்றால் என்ன?

அளவு என்பது ஓர் ஒப்பீடு. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு 20 கிலோ காட்டினால், ஒரு கிலோகிராம் என்று உலகம் ஒப்புக்கொண்ட திணிவைப் போல இருபது மடங்கு அந்தக் கூடையில் இருக்கிறது என்பதே அதன் பொருள். 20 என்பது எண், கிலோகிராம் அலகு. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. அதே கொழுந்தைப் பழைய றாத்தல் தராசில் போட்டால் முள் 44-ஐத் தாண்டி நிற்கும். கொழுந்து ஓர் இலைகூடக் கூடவில்லை. அலகு சிறிதானதால் எண் பெரிதானது.

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இந்தப் பாடம் பள்ளிக்கூடப் புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை. இங்கே தேயிலைக் கொழுந்து நிறுக்கப்படுகிறது, றப்பர் பால் அளக்கப்படுகிறது, இரத்தினக்கல் கரட்டில் விலை பேசப்படுகிறது, மலைச்சரிவில் பெய்யும் மழை மில்லிமீற்றரில் அறிவிக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவின் பின்னாலும் ஒரு குடும்பத்தின் கூலியோ, காணியோ, உயிரோ நிற்கிறது. ஆகவே அந்த எண்களுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இங்கே தனிக் கனம் உண்டு.

முதலில் கிலோகிராமையே எடுத்துக்கொள்ளலாம். மடுவத்துத் தராசு சரி என்று எப்படித் தெரியும்? அதைச் சோதித்து முத்திரையிடும் அதிகாரியிடம் படிக்கற்கள் இருக்கின்றன. அந்தப் படிக்கற்கள் அவற்றைவிட நுட்பமான படிக்கற்களோடு ஒப்பிடப்பட்டவை. இலங்கையில் இந்தச் சங்கிலி அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தில் போய் முடிகிறது. 1995-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இத்திணைக்களத்தின் ஆய்வுகூடம் ஹோமாகமையில் உள்ளது. அங்கிருந்து சங்கிலி நாட்டுக்கு வெளியே நீள்கிறது. 1875 மே 20-ஆம் திகதி பாரிஸில் கையெழுத்தான மீற்றர் உடன்படிக்கையின் வழியாக, 1889-இல் ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளை உலகத்தின் கிலோகிராமாக ஏற்கப்பட்டது. பாரிஸுக்கு அருகே செவ்ர் என்ற ஊரில் அது பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அதனோடு சேர்த்துச் செய்த பிரதிகளை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டபோது, உருளைக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு கிலோகிராமின் இரண்டு கோடியில் ஒரு பங்களவு வேறுபாடு, அதாவது ஏறக்குறைய 50 மைக்ரோகிராம், வந்திருந்தது. உருளை இளைத்ததா, பிரதிகள் கனத்தனவா என்று சொல்ல வழியில்லை. கிலோகிராம் என்பதே அந்த உருளைதான் என்று வகுத்த பிறகு, உருளை தவறு என்று காட்ட வேறோர் அளவுகோல் ஏது?

இதனால்தான் 2019 மே 20 முதல் கிலோகிராம் ஒரு பொருளைச் சார்ந்திராமல், பிளாங்கின் மாறிலி என்ற, இயற்கையில் மாறாத அளவைச் சார்ந்து வரையறுக்கப்படுகிறது. மீற்றர் அதற்கு முன்பே, 1983-இல், வெற்றிடத்தில் ஒளி ஒரு செக்கனின் 299,792,458-இல் ஒரு பங்கில் கடக்கும் தூரம் என்றாகிவிட்டது. செக்கன் என்பது சீசியம் அணு வெளிவிடும் கதிரின் 9,192,631,770 அலைவுகள் நிகழும் நேரம். றாத்தலும் இப்போது தனித்து நிற்கவில்லை. 1959-இல் வந்த உடன்பாட்டின்படி ஒரு றாத்தல் மிகச் சரியாக 0.45359237 கிலோகிராம். 1970களில் இலங்கை மெட்ரிக் முறைக்கு மாறிய பிறகும் கடையில் ஒரு றாத்தல் பாண் என்றுதான் கேட்கிறார்கள். கையில் கிடைக்க வேண்டிய நியம எடை 450 கிராம்.

இரத்தினக்கல் வியாபாரத்தில் அளவின் பழைய வரலாறு இன்னும் தெளிவாகத் தெரியும். பொன்னையும் மணியையும் நிறுக்க நம்மவர்கள் குன்றிமணியையும் மஞ்சாடி விதையையும் வைத்திருந்தார்கள். மத்தியதரைக் கடல் நாட்டவர் கரோப் மரத்தின் விதையை வைத்திருந்தார்கள். கரட் பிறந்தது அந்த விதையில். விதை என்றால் ஊருக்கு ஊர், மரத்துக்கு மரம் சற்று மாறும். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்வரை ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு கரட் இருந்தது. ஓர் ஊரில் பேசிய விலை இன்னோர் ஊரில் செல்லாது. 1907-இல் ஒரு கரட் 200 மில்லிகிராம் என்று உலக அளவில் தீர்மானமானது. நாடுகள் அதை ஏற்ற பிறகு, இரத்தினபுரியில் நிறுத்த கல்லை நியூயோர்க்கில் திரும்ப நிறுத்தாலும் எண் மாறுவதில்லை. அலகு நல்லதா கெட்டதா என்பதைவிட, இரு தரப்பும் அதையே பின்பற்றுகிறார்களா, சந்தேகம் வந்தால் மூன்றாம் ஆளிடம் போய்ச் சரிபார்க்க முடிகிறதா என்பதே முக்கியம்.

அடுத்து, தராசு எதை அளக்கிறது என்ற கேள்வி. இரண்டு தட்டுள்ள தராசு கொழுந்தைப் படிக்கல்லோடு ஒப்பிடுகிறது. பூமி இரண்டையும் ஒரே அளவில் இழுப்பதால் அது காட்டுவது திணிவு. விற்றராசு அப்படியல்ல. பொருளைப் பூமி இழுக்கும் விசையால் சுருள்வில் எவ்வளவு நீள்கிறது என்பதையே அது காட்டுகிறது; அந்த நீட்சியைக் கிலோவாக மாற்றி முகப்பில் எழுதியிருக்கிறார்கள். பூமியின் இழுப்போ எங்கும் ஒன்றல்ல. செக்கன் வர்க்கத்துக்கு மீற்றர் என்ற அலகில், இலண்டனில் ஈர்ப்பு ஆர்முடுகல் ஏறத்தாழ 9.81, மத்தியகோட்டை ஒட்டிய இலங்கையில் 9.78. இலண்டனில் சரிபார்த்த விற்றராசை அப்படியே கொண்டுவந்து இங்கே 20 கிலோ கொழுந்தைத் தொங்கவிட்டால், அது ஏறக்குறைய 60 கிராம் குறைத்துக் காட்டும். பயன்படுத்தும் இடத்திலேயே தராசைச் சரிபார்க்க வேண்டும் என்ற விதிக்கு இது ஒரு காரணம். இன்றைய மின்னணுத் தராசுகளும் உள்ளே விசையைத்தான் உணர்கின்றன. அவற்றுக்கும் இவ்விதி பொருந்தும்.

தராசு சரியாக இருந்தாலும் அளவு சரியாகிவிடாது. எது நிறுக்கப்படுகிறது என்பதிலும் இரு தரப்பும் உடன்பட வேண்டும். கூடையோ சாக்கோ தராசில் ஏறினால் அதன் கனமும் சேர்ந்து ஏறும். மழை நாளில் கொழுந்தின் மேல் ஒட்டிய நீரும் ஏறும். இவற்றைக் கழிப்பது நியாயமே. ஆனால் கழிக்கும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது; தோட்டங்களில் நெடுங்காலமாக நடக்கும் மனக்கசப்புக்கு அது ஒரு வேர். சாக்கின் கனம் நிலையானது. அதில் 5 கிலோ கொழுந்து இருந்தாலும் 15 கிலோ இருந்தாலும் சாக்கு அதே சாக்குத்தான். ஆகவே அதற்கு ஒரு குறிப்பிட்ட எடையைக் கழிக்கலாம். அதையும் வெறும் சாக்கை நிறுத்துப் பார்த்தே தீர்மானிக்கலாம். இலையில் ஒட்டிய நீரோ கொழுந்தின் அளவோடு கூடும், மழையோடு கூடும், வெயிலில் மறையும். அதை எல்லோருக்கும் எல்லா நாளும் ஒரே கிலோவாகக் கழித்தால், அந்தக் கழிவு எதையும் அளந்ததாகாது. குறைவாகப் பறித்தவர் தன் கொழுந்தில் பெரும் பங்கை இழப்பார். வெயில் நாளில் இல்லாத நீருக்கும் கழிவு விழும். நிலையான ஒன்றையும் விகிதமாக மாறும் ஒன்றையும் ஒரே கணக்கில் போடுவது, பார்வைக்குச் சிறிய பிழை. மாத முடிவில் சம்பளச் சிட்டையில் அது சிறியதாக இருப்பதில்லை.

கொழுந்துக்கு உள்ளேயும் நீர் இருக்கிறது. பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். அதனால் ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்க ஏறத்தாழ நான்கரை முதல் ஐந்து கிலோ கொழுந்து தேவைப்படுகிறது. மலையில் கிலோ என்றால் பச்சைக் கொழுந்து. ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையிலும் கொழும்பு ஏலத்திலும் கிலோ என்றால் காய்ந்த தூள். அலகு ஒன்று, பொருள் இரண்டு. தோட்டத்துக் கூலியையும் ஏல விலையையும் ஒப்பிட்டு வாதிடும்போது இரு தரப்பாரும் அடிக்கடி வழுக்கி விழும் இடம் இது.

றப்பர் பாலில் இதே சிக்கலுக்கு வேறு தீர்வு கண்டிருக்கிறார்கள். கேகாலை மாவட்டம் நாட்டின் முதன்மையான றப்பர் பகுதிகளில் ஒன்று. பால் வெட்டுபவர் வாளியில் கொண்டுவரும் பாலில் பெரும்பகுதி நீர். உலர்ந்த றப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அது மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே லீற்றரை மட்டும் அளந்தால் போதாது. பாலில் மெட்ரோலாக் என்ற நீரமானியை மிதக்கவிடுவார்கள். றப்பர் நீரைவிட இலேசானது. பாலில் றப்பர் கூடினால் பாலின் அடர்த்தி குறையும், மானி ஆழமாக அமிழும். அதன் தண்டில் உள்ள கோடு, ஒரு லீற்றரில் எத்தனை கிராம் உலர் றப்பர் என்று சொல்லும். அதை லீற்றரால் பெருக்கினால் கிராம் வரும். பழைய மானிகளில் இது கேலனுக்கு இத்தனை றாத்தல் என்று பொறிக்கப்பட்டிருந்தது. கேலனுக்கு ஒரு றாத்தல் என்பது லீற்றருக்கு ஏறக்குறைய 100 கிராம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மானி றப்பரை நேரடியாக அளக்கவே இல்லை. அது அளப்பது அடர்த்தியை; அடர்த்திக்கும் றப்பருக்கும் உள்ள தொடர்பை நம்பி நாம் றப்பரின் அளவைப் படிக்கிறோம். பாலின் வெப்பம் மாறினாலோ பாலில் வேறு ஏதேனும் கலந்தாலோ அந்தத் தொடர்பு மாறிவிடும். மானி சொல்வதும் பிழையாகும்.

லீற்றருக்கு இத்தனை கிராம், நாளொன்றுக்கு இத்தனை கிலோ, கிலோவுக்கு இத்தனை ரூபா: இப்படி அளவுகள் ஒன்றையொன்று வகுத்தும் பெருக்கியும் புதிய அளவுகளை உண்டாக்கும்போதுதான் பரிமாணம் என்ற கருத்து தேவைப்படுகிறது. வெப்பம் பரவும் விதத்தைப் பற்றி 1822-இல் ஜோசப் ஃபூரியே வெளியிட்ட நூலில் இது தெளிவாக வடிவம் பெற்றது. சமன்பாட்டின் இரு பக்கமும் ஒரே பரிமாணத்தில் இருக்க வேண்டும். நீளத்தோடு நீளத்தைக் கூட்டலாம், நீளத்தோடு நேரத்தைக் கூட்ட முடியாது. அடியையும் மீற்றரையும் மாற்றிக்கொள்ளலாம், ஏனெனில் இரண்டும் நீளம். அடியைக் கிலோவாக எந்த அட்டவணையாலும் மாற்ற முடியாது. அலகு மனிதர் தேர்ந்தெடுப்பது. பரிமாணம் அளக்கப்படும் பொருளின் இயல்பிலிருந்து வருவது.

பணம் பௌதிக அளவு அல்ல என்றாலும், கூலிக் கணக்குக்கும் இந்த விதி அப்படியே பொருந்தும். 2021 மார்ச் மாதம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. இதன் பரிமாணம் நாளொன்றுக்கு ரூபா. மேலதிகக் கொழுந்துக்குக் கிடைப்பது கிலோவுக்கு ரூபா. இரண்டும் வேறு வகை; எது பெரிது என்று நேரே கேட்க முடியாது. இரண்டையும் இணைப்பது, தோட்டங்களில் ‘நோம்’ என்று சொல்லப்படும் நாளொன்றுக்கான கிலோ. நாளுக்கான ரூபாவை நாளுக்கான கிலோவால் வகுத்தால் நாள் நீங்கிக் கிலோவுக்கான ரூபா மிஞ்சும். எடுத்துக்காட்டாக, நோம் 18 கிலோ என்றால் 1,000 ரூபாச் சம்பளத்தில் ஒரு கிலோவின் விலை 55 ரூபா 56 சதம். சம்பளத்தைத் தொடாமல் நோமை 20 ஆக்கினால் அது 50 ரூபா. நாட்சம்பளம் மாறவில்லை என்று ஒருவர் சொல்வதும், கூலி பத்தில் ஒரு பங்கு குறைந்தது என்று மற்றவர் சொல்வதும் அவரவர் பரிமாணத்தில் உண்மை. நோம் 18 ஆகவே இருக்க, மடுவத்தில் நாளுக்கு 2 கிலோ கழிக்கப்பட்டாலும் விளைவு அதுவேதான். முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழத் தராசில் 20 காட்ட வேண்டும். கழிவும் நோமும் கிலோவிலேயே இருப்பதால் ஒன்றோடொன்று கூடிவிடுகின்றன. இந்த வகுத்தலை ஒவ்வொரு தோட்டத்துப் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

காணியின் அளவில் வரும் குழப்பம் வேறு விதமானது. தோட்டக் குடும்பங்களுக்கான வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ் என்ற எண் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டது; பின்னர் 10 பேர்ச்சஸ் என்று உயர்ந்தது. பேர்ச் முதலில் ஒரு நீளம்: பதினாறரை அடி. பக்கம் அவ்வளவு நீளமுள்ள சதுரத்தின் பரப்புக்கும் அதே பெயர் வந்துவிட்டது. 272.25 சதுர அடி ஒரு பேர்ச். 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர். 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,906 சதுர அடி, அல்லது 177 சதுர மீற்றர். 10 அடிக்கு 12 அடி லயக் காம்பிரா ஒன்றின் பரப்பு 120 சதுர அடி என்பதோடு வைத்துப் பார்த்தால் அந்த எண்ணின் கனம் விளங்கும். நீளமும் பரப்பும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. 40 அடிச் சதுரம் ஆறு பேர்ச்சஸுக்குச் சற்றுக் குறைவு. பக்கத்தை 50 அடியாக, அதாவது கால் பங்கு, கூட்டினால் பரப்பு பாதிக்கும் மேல் கூடி ஒன்பது பேர்ச்சஸைத் தாண்டும்.

அலகே இல்லாத அளவுகளும் உண்டு. நீலக்கல் ஒன்றைக் காற்றில் நிறுத்தால் 4 கரட், நீரில் மூழ்கவிட்டு நிறுத்தால் 3 கரட் காட்டும். 4-ஐக் குறைந்த 1-ஆல் வகுத்தால் 4. இது அதன் சாரடர்த்தி. கரட்டால் நிறுத்தாலும், கிராமால் நிறுத்தாலும், மஞ்சாடியால் நிறுத்தாலும் விடை 4 தான், ஏனெனில் வகுக்கும்போது அலகு நீங்கிவிடுகிறது. நீலம் போலவே தோன்றும் ஸ்பைனலுக்கு விடை 3.6; சாதாரணக் கண்ணாடிக்கு 2.5-ஐ ஒட்டி வரும். ஒரு நூலும் ஒரு குவளை நீரும் நல்ல தராசும் இருந்தால் கல்லின் இனத்தை ஓரளவு பிரித்தறியலாம். கடினத்துக்குச் சொல்லப்படும் எண் இத்தகையது அல்ல. மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, டோபாஸ் 8, நீலமும் மாணிக்கமும் அடங்கும் குருந்தம் 9, வைரம் 10. எது எதைக் கீறும் என்ற வரிசையை மட்டுமே இவை சொல்கின்றன. வைரம் குருந்தத்தைவிடப் பல மடங்கு கடினமானது. 9-க்கும் 10-க்கும் இடையிலுள்ள ஒன்றை வைத்து அதைக் கணிக்க முடியாது. வரிசை எண்ணைக் கூட்டுவதும் சராசரி எடுப்பதும் பொருளற்ற வேலை.

2021-இல் இரத்தினபுரியில் ஒரு வீட்டு வளவில் கிணறு தோண்டும்போது கிடைத்ததாக உலகச் செய்தியான பெருங்கல்லை இங்கே நினைக்கலாம். 510 கிலோகிராம், 25 இலட்சம் கரட், பெறுமதி 10 கோடி டொலர் வரை என்று எழுதப்பட்டது. கிலோவை 5,000-ஆல் பெருக்கினால் 25 இலட்சத்து 50 ஆயிரம் கரட்; கணக்கில் பிழையில்லை. ஆனால் கரட்டுக்கு இவ்வளவு விலை என்று சந்தை சொல்வது வெட்டித் தீட்டிய தெளிந்த கல்லை. இது நீலக்கல் படிகங்கள் திரண்ட ஒரு கொத்து. தராசு தெளிந்ததையும் மங்கியதையும் பிரித்து நிறுக்காது. தெளிந்த கல்லிலும் விலை எடையோடு சீராக ஏறுவதில்லை. 4 கரட் கல் ஒன்றின் விலை 1 கரட் கல் நான்கின் விலையைவிட வழக்கமாகக் கூடுதல். கரட்டை விலையால் பெருக்கும் முன் அந்தப் பெருக்கல் எந்தப் பொருளுக்குச் செல்லும் என்று கேட்டாக வேண்டும்.

சப்ரகமுவையில் உயிரோடு நேரே தொடுக்கப்பட்ட அளவு மழை. இரத்தினபுரி நாட்டின் மிக ஈரமான ஊர்களில் ஒன்று. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்கிறது. கனவளவுள்ள நீரை நீளத்தால் சொல்வது எப்படி? விழுந்த நீரின் கனவளவை விழுந்த பரப்பால் வகுத்தால் நீளம் மிஞ்சும். நீர் ஓடாமல், ஊறாமல் நின்றிருந்தால் எவ்வளவு உயரம் நின்றிருக்கும் என்பதே அது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு லீற்றர். 75 மில்லிமீற்றர் மழை 7 பேர்ச்சஸ் காணியில் ஏறத்தாழ 13,000 லீற்றர் நீரைக் கொட்டும். ஒரு ஹெக்டேயர் மலைச்சரிவில் 750 தொன்னை ஏற்றும்.

மண்சரிவு பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்குச் சொல்லிவரும் எல்லைகளும் இந்த அலகில்தான் உள்ளன. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு. 100-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. 150-ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75-ஐத் தாண்டினாலோ வெளியேற்றம். 75 இருமுறை வருகிறது. ஒன்று நாளுக்கு 75, மற்றது மணித்தியாலத்துக்கு 75; முன்னதன் வேகத்தைவிடப் பின்னதன் வேகம் 24 மடங்கு. நேரத்தை விட்டுவிட்டு 75 மில்லிமீற்றர் என்று மட்டும் வாய்வழியாகச் செய்தி பரவினால், விழித்திருக்கச் சொன்னார்களா ஓடச் சொன்னார்களா என்பது கேட்பவருக்குத் தெரியாது. கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் 2016 மே 17 அன்று சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியது, நாட்கணக்கில் பெய்த பெருமழைக்குப் பின்னர்தான்.

லயத்தில் இருந்துகொண்டே மழையை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். அடி முதல் வாய்வரை ஒரே அகலமாக நேராக உள்ள தகரப் பேணியைக் கூரைக்கும் மரத்துக்கும் எட்டத் திறந்த வெளியில் நிமிர்த்தி வைத்து, உள்ளே நிற்கும் நீரை அடிமட்டத்தால் அளந்தால் போதும். பேணி அகலமானாலும் ஒடுக்கமானாலும் உயரம் ஒன்றுதான். வாயின் பரப்பும் அடியின் பரப்பும் சமமாக இருப்பதால் பரப்பு கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது. வாய் அகன்று அடி குறுகிய வாளியில் இப்படி அளந்தால் எண் கூடிவிடும். பேணியை வெறுமையாக்கிய நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். வானிலை அவதான நிலையங்கள் நாள் மழையைக் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடுகின்றன. விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கிப் பகல் 1 மணிவரை ஒரே சீராக 150 மில்லிமீற்றர் பெய்தால், அந்த ஏட்டில் அது முதல் நாள் 75, இரண்டாம் நாள் 75 என்று இரண்டாகப் பிரிந்து விழும். ஏட்டைப் பார்ப்பவருக்கு இரண்டு நாளும் விழிப்பின் விளிம்பில்தான் தெரியும். சரிவின் மண் ஏற்றதோ ஒன்பது மணித்தியாலத்தில் 150. ஆகவே சரிவின் கீழ் குடியிருப்பவர்கள் கூட்ட வேண்டியது ஏட்டின் நாளை அல்ல, அந்தக் கணத்துக்கு முன் கழிந்த 24 மணித்தியாலத்தை.